மூன்றாவது கை

கயிறு வெளியே தொங்குகிறது,
உள்ளே போக மனமில்லாத நாக்கு மாதிரி.
ஒரு சாணுக்கு மேல் இழுக்காதே என்று
பெட்டியிலேயே படம் போட்டிருந்தான்.
ரதோவான்தான் இழுத்தான் என்று
திங்கட்கிழமையிலிருந்து
கேட்காதவர்களிடமும் சொல்லிவருகிறேன்.

பகலில் நான் ஓட்டுவது டிராம்.
அதைக் கிளப்ப யாரும் கயிறு இழுப்பதில்லை.
வேண்டிய மின்சாரம் தலைக்கு மேலே
ப்ர்னோ நகரம் முழுக்கக் கொடி கட்டிக் கிடக்கிறது.
சனிக்கிழமைகளில்தான்
கைக்குள் அடங்கும் இந்த இஞ்சின்முன்,
ஒரு பொம்மைக் காரின் வயிற்றுக்குமுன்,
மண்டியிடுகிறேன்.

சமையல் மேசையில் செய்தித்தாள்.
அதன்மேல் பின்மூடி.
நான்கு திருகுகளும் முட்டைக் கிண்ணத்தில்.
பழைய பல் பிரஷ்ஷால்
ஆமணக்கெண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தேன்.
கப்பியைத் தூக்கினேன்.
அப்படித் தூக்கக் கூடாது.

பத்தே காலுக்கு
ஸ்பிரிங் துள்ளி எழுந்து
சூப் பானையில் மோதி
விளக்கை ஆட்டிவிட்டு
அடுப்புக்கு அடியில் போய் விழுந்தது.
கட்டைவிரலில் ஒரு கோடு. கோட்டில் சிவப்பு.
நான் சொன்ன வார்த்தையை
என் டிராமில் யாராவது சொல்லியிருந்தால்
அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருப்பேன்.

நல்லவேளை, உடைந்தது வெளிமுனைக் கொக்கி மட்டும்.
அடுப்புத் தீயில் நுனியைக் காட்டி
சிவந்ததும் இடுக்கியால் மடக்கினேன்.
கால் சுற்று குறையும். குறையட்டும்,
சம்பளத்தில் குறையாததா.

சுருட்டுவதுதான் பெரும்பாடு.
உள்ளிருந்து சுற்றினால் வெளியே நழுவும்.
வெளியிலிருந்து அடக்கினால்
நடுவில் கோபுரமாய் எழும்பும்.
பிடிக்க ஒரு கை, சுற்ற ஒரு கை,
கப்பியை மேலே வைக்க
இன்னொரு கைக்கு எங்கே போவது?
மூன்று தடவை.
மூன்றாவது தடவை பானை மூடியும் சேர்ந்து விழுந்தது.

கதவைத் தட்டினார்கள்.
மேல்மாடி ஷெபெலா,
விடிகாலை மூன்று மணிக்கு எழுகிற ரொட்டிக்காரர்.
கோடு போட்ட பைஜாமா,
உதட்டில் தயாராக ஒரு புகார்.
"விரலை இங்கே வையுங்கள்" என்றேன்.
வைத்தார்.

அது என்ன விரல்!
கூடவும் இல்லை, குறையவும் இல்லை,
மாவு உப்பிவிட்டதா என்று பார்க்கிற அழுத்தம்.
ஒவ்வொரு வளையமாக
பக்கத்து வளையத்தோடு ஒட்டிப் படுத்தது ஸ்பிரிங்.

"எப்படி உடைந்தது?"
"ரதோவான்..." என்று தொடங்கினேன்.
விரலை எடுக்க முடியாமல்
பாதி குனிந்து நின்றிருந்தார் மனிதர்.
அப்படி நிற்கிறவரிடம் அது வாயில் வரவில்லை.

நான்தான் இழுத்தேன்.
இஞ்சினுக்குள் எரிபொருள் நிரம்பிக் கிடந்தது.
காற்று நசுங்கும், திரவம் நசுங்காது,
பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.
தெரியும்.
ரதோவானின் கார் அதற்குள்
இரண்டாம் சுற்றுக்குப் போயிருந்தது.
இழுத்தேன், முழுசாக ஒரு முழம்.

அவர் யோசித்தார்.
"மூக்கு அரிக்கிறது" என்றார்.

கப்பியை வைத்தேன், விரலை விடுவித்தேன்.
புதுக் கயிறு, இரட்டை முடிச்சு,
பிரியாதிருக்க நுனியை லைட்டரில் பொசுக்கி
எச்சில் தொட்டு உருட்டினேன்.
இந்த நேரத்தில் இஞ்சினைக் கிளப்பினால்
கட்டடமே திரண்டு வரும்.
பிளக் இல்லாமல் ஒரே ஓர் இழுப்பு.
சர்ர்ர்.
விட்டதும் கைப்பிடி ஓடிவந்து
மூடியில் டக்கென்று உட்கார்ந்தது.

"நானும்?" என்றார் ஷெபெலா.
இழுத்தார். மறுபடி இழுத்தார்.
எட்டாவது தடவை
"போதும், தேய்ந்துவிடும்" என்றேன்.

வாசல்வரை போய்த் திரும்பினார்.
"சத்தத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்."
"பேசுங்கள்."
சுவரில் மணி பார்த்தார்.
பதினொன்றே முக்கால்.
"நாளைக்கு" என்றார்.

அவர் படியேறும் ஓசை.
ரதோவானுக்கு நான்கு வரி எழுத உட்கார்ந்து
மேசையை ஒதுக்கினேன்.
முட்டைக் கிண்ணத்தில்
ஒரு திருகு மிச்சம்.