சுடுவதற்கு முன் சுடுவது

அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது
விமானத் தரத்து அலுமினியம் என்று.
என் விசாவில் எழுதியிருக்கிறது
தச்சன் என்று.
இரண்டையும் நம்பாமல்தான்
வேலையைத் தொடங்குகிறேன்.

புஜைராவில், மலை முடிந்து கடல் தொடங்காத இடத்தில்
சுடுதளத்தின் பின்கட்டு.
துப்பாக்கிக்குச் சொந்தக்காரி ஷம்மா
நாற்காலி போட்டும் உட்காரவில்லை.
போட்டிக்குப் பதினெட்டு நாள்.
கம்பெனிக்காரன் போட்ட முன்பிடி குட்டை,
என் கை நீளம் என்கிறாள்,
எனக்குப் புரியும் அளவு மெதுவான அரபியில்.

முதலில் எடை.
முந்நூற்று எண்பத்திரண்டு கிராம்.
காகிதத்தில் போட்டதைவிடப் பதினொன்று கூட.
கறிக்கடையில் இது கொசுறு,
இங்கே குற்றம்.

பிறகு நீளம், விட்டம், நேர்.
வெர்னியர் பொய் சொல்லாது.
ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.
கேட்காததற்கு நகம்.
மேல் ரெயில் முடிந்து
துப்பாக்கியின் ரெயில் தொடங்கும் இடத்தில்
கண்ணை மூடி ஓட்டினால்
இடறுகிறது ஒரு படி,
தலைமுடியில் பாதி.
எறும்பு கவலைப்படாது. லென்ஸ் படும்.

உள்விளிம்பில் பிசிறே இல்லை.
யாரோ ஒருவர், எந்த ஊர்ப் பட்டறையிலோ,
ஷிப்டு முடிகிற மணியிலும்
அரத்தைக் கீழே வைக்காதவர்.
ஏழாம் துளைக்குள் மட்டும்
கறுப்புப் பூச்சு போகவில்லை.
அப்போது அவருக்கு
வீட்டிலிருந்து போன் வந்திருக்கலாம்.

ஆறு ஸ்குரூ. இறுக்கியாயிற்று.
நகப்பூச்சு இருக்கிறதா என்று ஷம்மாவைக் கேட்டேன்.
பையைத் துழாவி, சிரித்து, நீட்டினாள்.
ஸ்குரூவின் தலையிலிருந்து உடம்புக்கு
ஒரே இழுப்பில் சிவப்புக் கோடு.
அசைந்தால் முறியும்.
அவ்வளவுதான் சூத்திரம்.

லுஹர் தொழுகைக்கு அவள் போய் வரும்வரை
தேஜ் பகதூர் காவல் நிற்க
மேசையில் வெயில் காய்ந்தது துப்பாக்கி.
வந்தாள். பிடித்தாள். உதறினாள்.
இன்னும் ஒரு குண்டும் சுடவில்லை,
அதற்குள் சுட்டுவிட்டது.

என் மொழியில் இதற்கு ஒரே வினைதான்.
வெயில் சுடும், துப்பாக்கி சுடும்,
அம்மாக்கள் தோசை சுடுவார்கள்,
போன மாதம் என் சார்ஜரை எவனோ சுட்டான்.
சொல்ல நினைத்து
அரபி போதாமல்
ஹார், ஹார் என்று தலையாட்டினேன்.
மேசைக்கு அடியில் இருந்த ஈரத்துணியை
அவளிடம் கொடுத்தேன்.

நூற்றிருபது குண்டு. அவள் சுட்டாள்.
எனக்கு அனுமதிச் சீட்டு கிடையாது.
பதினோரு வருஷத்தில் முந்நூறு துப்பாக்கி பிரித்துப் பூட்டியும்
ஒரு விசையை இழுத்ததில்லை.
தேஜ் பகதூர் பட்டாளத்தில் இழுத்தவன்.
அதைப் பற்றி அவன் பேசுவதில்லை.
நானும் கேட்பதில்லை.

ஐந்து கோடு அப்படியே.
குழல்முனைப் பக்கம் இடது ஸ்குரூவில் மட்டும்
ஒரு புருவம் உயர்ந்ததுபோல்
விலகி நின்றது சிவப்பு.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பொருந்தும், பொருந்தாது.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
காலை ஏழுக்குள் பொருந்தும்.
கையுறை போட்டால் பொருந்தும்.
ஆறாவதைப் பசை வைத்து இறுக்கி
இன்னும் நூறு சுட்டபிறகு கேளுங்கள்.

வாசித்துக் காட்டச் சொன்னாள்.
சரி நஜ்ஜார் என்றாள்.
தச்சனே என்று அர்த்தம்.
பூச்சுப் புட்டியைத் திரும்ப வாங்கவில்லை.

கேம்பில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் ரோமெலுக்கு,
தொண்ணூற்று நாலு கிலோ.
அன்றிரவே நாலு காலின் நட்டிலும்
கோடு போட்டுவிட்டேன்.

இன்று விடியுமுன்
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
மூன்று, நேர்.
நாலாவதைப் பார்ப்பதற்குள்
வாசலில் பஸ் ஹார்ன்.