ஓத அட்டவணை

எங்கள் பிளாட்டின் அறிவிப்புப் பலகையில்
குப்பைக் கட்டண நினைவூட்டலுக்குப் பக்கத்தில்
மாதாமாதம் நான்தான் ஒட்டுகிறேன்:
ஓதம் ஏறும் நேரம், இறங்கும் நேரம்.
யாரும் படிப்பதில்லை.
நாலு நம்பர் முடிவென்று நினைத்து
ஒருவர் மட்டும் போட்டோ எடுத்துப் போனார்.

சுங்கை பினாங்கு சின்ன ஆறுதான்.
அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்.
ஆயர் ஈத்தாம் மலையில் மழை கொட்டும் நேரம் பார்த்து
கடல் கதவைச் சாத்திக்கொண்டால்
போக இடமில்லாமல்
நம் வீட்டுக்குத் திரும்பி வரும்.

இதைத்தான் பயிற்சி நாளில் சொன்னேன்.
வந்தவர்கள் பதினொரு பேர்,
அதில் மூவர் நாசி லெமாக் பொட்டலத்துக்காக.
லாரி ஓட்டும் வீரசேனன் காயம்பட்டவராக நடித்தார்.
தேநீர் வந்ததும் எல்லாரும் எழுந்து போய்விட
ஸ்ட்ரெச்சரில் கட்டுண்டபடி அவர் மட்டும்
"ஏம்மா, நான் இன்னும் சாகலைம்மா" என்று
கூரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டியல் என் கையெழுத்து.
மூன்றாம் எண்: சுவீ ஹூன். நடக்க முடியாது. நாயை விட்டு வரமாட்டார்.
ஐந்து: மக்சிக் ரொஹானி. இன்சுலின், குளிர்பெட்டியில், மேல்தட்டு.
எட்டு: எலியாஸ் குடும்பம். கைக்குழந்தை.
மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்ளும், தோளால் இடிக்கவும்.
விசில் என்னிடம்.
ரப்பர் படகு கொட்டகையில்.

அந்த வெள்ளிக்கிழமை
ஓதம் இரண்டு ஐம்பதுக்கு.
மழை பதினொன்றுக்கே பிடித்துக்கொண்டது.
ஒன்றரைக்கு வடிகால் மூடி தடதடத்தது,
அடியில் யாரோ கதவு தட்டுவதுபோல.
விசிலை ஊதினேன்.
மழைக்குள் அது ஒரு கொசு.

படகு இருந்தது.
சாவி ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில்
தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தேன்.
எதிர்வரிசைக் கடைமாடியிலிருந்து இறங்கினார்கள்
ஒன்பது பேர்.
கட்டட வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள்.
லுங்கியை மடித்துக் கட்டிய விதத்திலேயே தெரிந்தது,
தண்ணீர் அவர்களுக்குப் பழைய பங்காளி.
நான்கு மீன்பெட்டிகள், கழற்றிய கதவொன்று, சாரக்கயிறு.
மிதந்தது.

சுவீ ஹூனை நாற்காலியோடு தூக்கினார்கள்.
நாய் ஒருவன் தலையில் ஏறிக்கொண்டது.
எட்டாம் வீட்டுக் கதவை
என்னைக் கேட்காமலே தோளால் இடித்தான் இன்னொருவன்.
மேல்தட்டு, மேல்தட்டு என்று நான் கையைக் காட்ட
இருட்டுக்குள் போனவன்
மருந்துப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு நீந்தி வந்தான்.

விடிந்ததும் அதிகாரிகள் வந்தார்கள்.
பாய், பிஸ்கட் டின், படிவம்.
படிவத்தில் அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம்.
ஒன்பது பேரையும் காணோம்.

திங்கட்கிழமை, பட்டியலைத் திருத்த மாடி ஏறினேன்.
கதவு ஒரு விரல் திறந்தது.
பெயர் கேட்டேன்.
"எதுக்கு, காக்?" என்றான் பையைக் கவ்வி வந்தவன்.
தண்ணீர் வந்தால்
உங்களை நாங்கள் தேட வேண்டாமா என்றேன்.

தேடுவது என்ற சொல்லை
அங்கே சொல்லியிருக்கக் கூடாது.
கதவு மெதுவாக, மரியாதையாக,
சாத்திக்கொண்டது.

படியில் உட்கார்ந்து எழுதினேன்:
எதிர்வரிசை, மாடி. ஒன்பது பேர்.
நீந்தத் தெரியும்.
பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டேன்.
வெறுமையாகவும் இல்லை, கோடும் போடவில்லை,
பேனா முனை தொட்ட ஒரு புள்ளி மட்டும்.

இந்த மாதம் அட்டவணையில் இரண்டு பிரதி எடுத்தேன்.
பெரிய ஓதம் வரும் நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு,
இரண்டாவதன் முதுகில்
படகுச் சாவியின் நகலை டேப் போட்டு ஒட்டி,
அந்தக் கதவின் அடியில் செருகினேன்.
பாதி உள்ளே, பாதி வெளியே.
சாவி வாசற்படியில் இடறி நின்றது.

கீழே இறங்கத் திரும்பினேன்.
பின்னால்
தாள் உரசும் சத்தம்.
யாரோ உள்ளிருந்து
இழுத்துக்கொண்டார்கள்.