நாற்பத்தொரு முறை

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
எங்கள் சூப்பர்மார்க்கெட்டில்
போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு
அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
ஆள் உயரத் திரை. கீழே சிவப்பாய் ஒரு கோடு.
பொருளை அங்கே காட்டினால் விலை சொல்லும்,
எது எந்த வரிசையில் என்றும் சொல்லும்.
மூன்று மொழி. நம்முடையது நான்காவது,
'விரைவில்' என்று எழுதிய சாம்பல் பொத்தான்.

அதுவரை வரிசைகளுக்கு நடுவில் நின்று
வழி சொல்வது என் வேலை.
இனி அதன் முகத்தைத் துடைப்பது என்றார்
மேனேஜர் சியோங்.
சம்பளம் அதேதான். கோபமில்லை.

மூன்றாம் வாரம்தான் கவனித்தேன்:
என்னைக் கண்டு விலகுகிறவர்கள்
அதனிடம் போகிறார்கள்.
பேன் மருந்து எங்கே என்று அதைக் கேட்கிறாள்
இரண்டாம் படிவத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.
கர்ப்பம் பார்க்கும் குச்சி,
அரை விலைக்குப் போகும் நேற்றைய ரொட்டி.
நான் யார் மகள், யாருக்கு என்ன முறை,
எவரிடம் போய் வாய் திறப்பேன்,
எல்லாம் இந்த ஊருக்குத் தெரியும்.
அதற்கு அத்தை இல்லை.

தோட்டத்து மோட்டார்சைக்கிள்கள் வரும் ஆறரைக்கு
தணிகாசலம் வருவார். செம்பனைக் குலை வெட்டுகிறவர்.
பூட்ஸை வாசலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
ஒன்றாம் எண் பால்மாவு டின்னை
சிவப்புக் கோட்டில் காட்டுவார்.
அறுபத்து மூன்று வெள்ளி தொண்ணூறு.
லேசாகத் தலையாட்டுவார்,
யாரோ நலம் சொன்னது போல.
எடுத்த இடத்திலேயே
டின்னின் குழந்தைப் படம் முன்னால் தெரிய வைத்துவிட்டு
இரண்டு வெள்ளி ஐம்பது காசு எண்ணெய்ப் பாக்கெட்டோடு போவார்.
சில நாள் போகும்போதும் ஒரு முறை காட்டுவார்.
இறங்கியிருக்கலாம் இல்லையா,
குலை விலை இறங்குகிறதே சொல்லாமல்.

மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து தாள் வந்தது.
பகாவ் கிளையில் மக்கள் மிக விரும்பும் பொருள்
பால்மாவு, ஒன்றாம் எண், அறுநூறு கிராம்.
நாற்பத்தொரு முறை பார்த்திருக்கிறார்கள்.
விற்றது இரண்டு.
அந்தப் பன்மையை
நான் மட்டும் ஒருமையாய் வாசித்தேன்.
என்ன காரணம் என்று சியோங் கேட்டார்.
தெரியாது பாஸ் என்றேன்.

அடுத்த திங்கள் டின்கள் வாசலருகே வந்துவிட்டன.
ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், பூட்டோடு.
திறக்க ஊழியரை அழைக்கவும்.
ஊழியர் என்றால் நான்.

ஆறரைக்குப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டினார்.
கோடுகளைப் பெட்டி மறைத்துக்கொண்டிருந்தது.
திருப்பிக் காட்டினார். தலைகீழாகக் காட்டினார்.
உதவி வேண்டுமா என்றது திரை.
வேண்டாம் என்பதற்குப் பொத்தான் சின்னது,
அவர் கட்டைவிரல் பெரியது.
கடை முழுக்கக் கேட்கும்படி மணி அடித்தது.
'லோகப்பிரியா வந்துகொண்டிருக்கிறார்'
என்று என் பெயரைப் பச்சையில் போட்டது.
காசு கட்டும் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சாவியோடு ஓடினேன்.
வாயில் வந்தது விலைதான்:
அறுபத்து மூன்று தொண்ணூறு அண்ணே.
தெரியும்மா, என்றார்.
பூட்டை விரலால் ஒரு முறை தொட்டார்.
இது எப்ப போட்டாங்க?
இன்னைக்குத்தான் என்றேன்.
அவர் யாரால் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்.

உதவி கிடைத்ததா என்றது திரை,
சிரிக்கும் முகம் ஒன்று, அழும் முகம் ஒன்று காட்டி.
சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு
சிரிப்பதை அழுத்தினார்.
பிறகு, எட்டு மாதமாய்த் தினமும்
தானே நடந்துபோய் எடுக்கிற மனிதர்,
எண்ணெய் எங்கம்மா இருக்கு என்று
என்னைக் கேட்டார்.

ஏழாவது வரிசை, என்றேன். இடது பக்கம்.