தூங்கும்போது கண் மூடுமா

இமை இறங்கிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தது
மின்வாரிய கவுன்ட்டர் வரிசையில் நின்ற ஒரு ஆள்:
“மேடம் தூங்கிக்கிட்டே பில் போடறாங்க.”
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
சிரித்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும், அது.

அப்புறம் மஞ்சக்குப்பம் சிக்னல்.
பச்சை விழுந்ததை
பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துச் சொன்னது.
மோவாயைத் தூக்கி
ஊரையே ஏளனமாய்ப் பார்க்கிறவள்போல
வண்டி ஓட்டப் பழகியிருந்தேன்.

புதுச்சேரி பஸ்ஸில்
ரெட்டிச்சாவடி தாண்டும்வரை செல்போனில் என் முகத்தையே பார்த்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண் “அழுவாதீங்கக்கா” என்றாள்.
அழவில்லை.
முகமே அப்படி.

டாக்டர் ஃபிலோமின் அவசரப்படவில்லை.
ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொன்னார்,
புள்ளி மினுங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும்.
மேலே மினுங்கியதெல்லாம் எனக்கு இருட்டு.
பிறகு பிளாஸ்திரியால் இமைகளைத் தூக்கி ஒட்டி
இன்னொரு முறை.
எழுந்து திரும்பினால்
சுவர் உச்சியில் ஒரு கடிகாரம்.
இவ்வளவு நேரமும் அது அங்கேதான் ஓடியிருக்கிறது.

“கண்ணாடியில் வேறு ஆள் வருவாள் என்று நினைக்காதீர்கள்.
இரண்டு கண்ணும் ஒன்றுபோல் வராது.
இப்போதும் ஒன்றுபோல் இல்லை, நீங்கள் கவனித்ததில்லை.”

“இமையைத் தூக்கிப் பிடிக்க
இத்தனை வருஷம் புருவம் உழைத்திருக்கிறது.
இனி வேண்டாமென்று தெரிந்தால் கீழே இறங்கி உட்காரும்.”
‘புருவம் ரிட்டயர் ஆகும்’ என்று
பழைய பில்லின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்,
ரத்தம் நீர்க்கிற மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.
மீன் எண்ணெய் மாத்திரையைச் சொன்னேன்.
கடலூர்க்காரி மீனைக் கடையில் மாத்திரையாக வாங்குவதா என்று
நர்ஸுக்குச் சிரிப்பு.

ஊசி போட்டு இமை மட்டும்தான் மரத்துப்போகும்.
விழித்திருப்பேன்.
திற, மூடு என்பார்கள், செய்ய வேண்டும்.
ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள்.
அதுவரை குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது,
கன்னம்வரை நாவல்பழ நிறம் வழிந்து நிற்கும்,
யாரோ அடித்ததுபோல.
“அக்கம்பக்கத்தில் முன்பே சொல்லிவையுங்கள்.”
அடிக்க ஆளில்லை டாக்டர் என்று வாய்வரை வந்தது.
இருந்தபோதும் அவர் அடித்ததில்லை.
பேசமாட்டார். அவ்வளவுதான்.

கடைசியாகக் கேட்டார்:
“தூங்கும்போது கண் முழுதாக மூடுமா?”

தெரியாது.
“மூடாத கண்ணில் தோலை அதிகம் எடுத்துவிட்டால்
ராத்திரியெல்லாம் காயும். எரியும். பார்வைக்கே ஆபத்து.
வீட்டில் யாரையாவது கேட்டு வாருங்கள்.”

வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது.
இரண்டு தலையணை.

புதுச்சேரி பஸ் நிலையத்தில்
கடலூர் கடலூர் என்று கூவுகிற கண்டக்டர்களுக்கு நடுவில்
பதினோரு வருஷம் தொடாத எண்ணை அழுத்தினேன்.
தணிகாசலம் உடனே எடுத்தார்.
விசாரிக்கவில்லை, நேராகக் கேட்டேன்.
அவரும் யோசிக்கவில்லை.

“இடது மூடாது.
நூல் அளவுக்கு வெள்ளை தெரியும்.
முழிச்சிருக்கேன்னு நெனச்சு
எத்தனை ராத்திரி பேசியிருக்கேன்.
நீ ஒரு தடவகூட பதில் சொல்லல.”

ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது. விசில்.
“என்ன பேசினீங்க?”
“அது கெடக்கட்டும். ஆபரேஷன் எப்போ?”

மறுவாரம் டாக்டரிடம் சொன்னேன்.
எழுதினார்: இடது இமை, தோல் குறைவாக எடுக்கவும்.
தகவல் தந்தவர், உறவுமுறை என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
‘தெரிந்தவர்’ என்று எழுதினேன்.