ஏழு கேள்விக்குறி

குடாய்சி நகரக் குடிநீர் அலுவலகம்.
பழைய புகார்கள் நாற்பத்தோராயிரம்,
யாரோ அந்தக் காலத்தில் கைக்கு வந்தபடி
சமைத்த ஜார்ஜிய எழுத்துருவில்.
திறந்தால் புழு நெளிகிறது.

"மூன்று மாதம் போதுமா, நெஸ்தான்?" என்றார் மூர்மன்.
பார்க்கலாம் என்றேன்.

கருப்புத் திரை. ஒரே வரி:
இந்தக் கோப்புறைக்குள், அதன் உள்ளறைகளுக்குள்
புகாரென்று பெயர் தொடங்குவதையெல்லாம் தேடு,
யூனிகோடாக்கு, வேறிடத்தில் வை,
மூலத்தைத் தொடாதே.
என்டர்.
பத்தொன்பது நொடி. காபி ஆறவில்லை.

மூர்மனிடம் சொல்லவில்லை.
மிச்ச நாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
என் தெருவின் பெயரைக் கொடுத்துத் தேடினேன்.

நான்காம் மாடி. தண்ணீர் இல்லை.
நான்காம் மாடி. மறுபடியும் இல்லை.
குழாய் இருமுகிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்தோறும், ஆறு வருடம், அதே குரல்.
பெயரை மட்டும் வேறு ஏதோ எந்திரம் வாங்கியிருக்கிறது:
ஏழு கேள்விக்குறி.
சேமித்த அன்றே செத்த எழுத்து,
எந்தக் கட்டளைக்கும் எழுந்து வராது.
எங்கள் மொழியில் ஏழெழுத்தென்றால்
வாக்தாங்காக இருக்கலாம்.
குல்நாராவாகவும்.

2003 பிப்ரவரிக்குப் பிறகு?
தேடச் சொன்னேன்.
இல்லாததை இல்லையென்று சொல்கிற பழக்கம் இதற்கில்லை.
பேசாமல் அடுத்த வரியில் வந்து நிற்கும்,
சிமிட்டிக்கொண்டு.

தண்ணீர் வந்துவிட்டதா, ஆள் போய்விட்டாரா,
எழுதி எழுதி அலுத்துவிட்டதா?

மாலை வீடு திரும்புகையில்
பதினேழாம் எண் கட்டிடத்தின் கீழே
தோளில் ஒரு சொட்டு.
மழையில்லை.
அண்ணாந்து மாடிகளை எண்ணினேன்.
நான்காவதில், கொடி நிறைய,
சரியாகப் பிழியாத துணி.