நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி.
முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்றார்கள்;
ஒட்டினோம், அடங்கவில்லை.
நட்டு முடுக்கும் துப்பாக்கி கீழேயிருந்து
எங்கள் டிரம் மெஷினுக்குப் பாடம் எடுத்தது.
ஆகவே இரவில்தான் வேலை,
கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு
ரப்பர் வாசனையை மட்டும் எங்களுக்கு விட்டுப்போன பிறகு.

சிந்தசைசர் செராஸில் கிடைத்தது,
சீனக் கல்யாண விருந்துகளில் இருபத்தாறு வருடம் வாசித்துக்
காது மங்கிப்போன லியோங் பூன் ஹாக்கிடம்.
நானூற்றைம்பது வெள்ளி.
"ஒரு கட்டை பேசாது" என்று அழுத்திக் காட்டினார்.
பேசவில்லை.
நாற்பது வெள்ளி தள்ளினார்.
ஓரங்களில் பழைய ஜிகினா ஒட்டிய பெட்டியோடு
ரயிலேறினேன். இரண்டு இருக்கைக்கு நீண்டது.

நவநீதன் பாட்டெழுதி வந்தான்.
நாலு வரியில் மூன்று நிலா.
"நிலாவை வச்சு எவன்டா ஆடுவான்?" என்றாள் யோகமலர்,
டயாலிசிஸ் நிலையத்தில் பகலெல்லாம் நின்ற கால்களை
ஸ்பீக்கர்மேல் நீட்டியபடி.
பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள்:
கதவு மூடுமுன் வா,
மூடியபின் தட்டாதே.
அவ்வளவுதான். மீதியை மெஷின் பாடட்டும் என்றாள்.
நவநீதன் இரண்டு வாரம் வரவில்லை.

வேகம் எவ்வளவு என்று தகராறு.
நூற்றிருபது என்றேன், ஊரே வைப்பது.
மறுநாள் படியேறி மூச்சு வாங்க வந்தவள்
தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.
"நூற்றுப் பதினெட்டு. போடு லா."
நர்ஸ் கணக்கு. போட்டேன்.

பேசாத கட்டையோ
மெட்டு திரும்பும் முனையிலேயே உட்கார்ந்திருந்தது.
சுருதியை ஏற்றினால் அவள் தொண்டை ஏறவில்லை;
இறக்கினால் பாட்டு பஜனையாகிவிடுகிறது.
கணினியில் அந்த ஸ்வரத்தை வரைந்து வைக்கலாம்,
இரண்டு நிமிட வேலை.
வைத்தேன். கேட்டோம்.
பல் கட்டியவன் சிரிப்புப்போல் எல்லாம் சரியாக இருந்தது.
அழித்தேன்.
இருட்டில் இறங்கும் கால்
ஒரு படி இல்லை என்பதைக் கடைசி நொடியில் அறிந்து
தாண்டுகிற இடமாக
அது அப்படியே நின்றது.

கலவையைச் சோதித்தது நவநீதனின் பழைய கான்சிலில்.
கோபம் தீர்ந்திருந்தது,
அல்லது கார் அவனுடையது என்பதால் வந்தான்.
ஜாலான் கூச்சிங், விடிகாலை இரண்டரை.
பேஸ் இறங்கும்போதெல்லாம் இடது கதவின் தகடு உதறியது.
நாலு முறை போய்த் திரும்பினோம்.
பெட்ரோல் பதினெட்டு வெள்ளி.
ஒரு டெசிபல் குறைத்தோம்.

வெளியீட்டுப் படிவம் கேட்டது:
மொழி. நாடு. வகை.
மூன்றாவதில் எங்களுக்கு இடமில்லை.
மற்றவை.
விரலுக்குப் பழகிய பெட்டிதான், தேட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நள்ளிரவு பாட்டு உலகத்துக்குப் போனது.
உலகம் தூங்கிக்கொண்டிருந்தது.
காலையில் பார்த்தால் முப்பத்தொன்பது முறை;
அதில் இருபத்திரண்டு நான்.

ஒன்பதாம் நாள் மலரிடமிருந்து ஒரு குரல்செய்தி.
நாலாம் நாற்காலியில் மேரி ஸ்டெல்லா,
சௌகிட் சந்தையில் மீன் வெட்டியவர்.
ஊசி ஏறிய கை நாலு மணி நேரம் அசையக்கூடாது.
தலையணைமேல் மலரின் போன்.
பாட்டு ஓடுகிறது,
அடியில் ரத்தம் சுற்றும் பம்பின் முனகல்.
மெட்டு திரும்புகிறது.
ஊமைக் கட்டையின் இடத்தில்
"டக்" என்று நாக்கைத் தட்டுகிறார் அந்த அம்மா.
அடுத்த சுற்றிலும், டக்.
"ஆடுறாங்கடா" என்று மலர் கிசுகிசுக்கிறாள்,
"கை இல்ல. போர்வைக்கு வெளிய
கால் கட்டைவிரல் மட்டும்."

அது கணக்கில் ஏறியதா, தெரியாது.
திரையில் நூற்று நாலு என்று இருந்தது.
கீழே துப்பாக்கி நட்டு முடுக்கிக்கொண்டிருந்தது,
நூற்றுப் பதினெட்டில் இல்லை,
கொஞ்சம் முந்தி.