ரூம் காலி

ஏரிச்சாலையில் பதினாறு வருடம்
ரூம் காலி என்று சிவப்பாய் எரிந்த
பலகையின் டிரான்ஸ்ஃபார்மர்.
மூன்று மாதச் சம்பள பாக்கிக்கு
முதலாளி கழற்றிக்கொள்ளச் சொன்னது இதைத்தான்.

டெஸ்லா காயில் என்றால்
பி.வி.சி. குழாயில் எண்ணூறு சுற்று வேண்டும்.
அறுநூற்றுப் பன்னிரண்டில் குழுக்கடன்காரர் ஃபோன்.
அதற்குப் பிறகு தோராயம்தான்.
கெபாசிட்டருக்கு
உப்புத்தண்ணீர் ஊற்றிய பீர் பாட்டில் பத்து,
டூரிஸ்டுகள் பள்ளத்தில் எறிந்தவை.
இந்த ஒன்றுக்கு மட்டும் வாழ்க அவர்கள்.

முதல் ராத்திரி ஒன்றும் பறக்கவில்லை.
நாயுடுபுரத்து மஞ்சு ஜன்னல் வழி வந்து
சுருள் முழுக்க வியர்த்திருந்தது.
ரெஜினாள் எதுவும் சொல்லாமல்
ஹேர்டிரையரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப்
போய்ப் படுத்தாள்.

மறுநாள்
துணி கிழிகிற சத்தத்தோடு
முழ நீள ஊதா நரம்பு உச்சியில் துடித்தது.
பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்தது.
கதவோரம் சாய்த்திருந்த,
இரு முனையும் கருகிச் செத்த டியூப்லைட்
கம்பி எதுவும் தொடாமல் எரிந்தது.

அவள் எழுந்து வந்து அதைக் கையில் எடுத்தாள்.
நிலைப்படி தாண்டினால் அணைந்தது.
ஓரடி உள்ளே வந்தால் எரிந்தது.
வெளியே. உள்ளே. வெளியே.
எட்டு நாளாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்.

இன்னும் ரெண்டு பாட்டில் வைத்தால்
அடுப்படி வரைக்கும் வருமா, என்றாள்.